முப்பத்தேழு டிகிரிக் கஞ்சி

"இனிமே அப்பா சாப்பாடு என் பொறுப்பு!" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் முழங்கினார் ஏசி மெக்கானிக். பொறுப்பு என்றால் உத்தரவு போடுவது. கஞ்சி காய்ச்சுவது, வடிகட்டுவது, ஊட்டுவது எல்லாம் வழக்கம்போல மனைவி. நூலக வேலைக்கு ஒரு மாதமாக லீவு போட்டவள். இதற்குப் பெயர் பொறுப்பாம்! கேட்க ஆளில்லை பாருங்கள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து பெரியவருக்கு விழுங்குவதே பாடு. வாயில் வைத்தது கன்னத்திலேயே குடியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் தேறாவிட்டால் மூக்கில் குழாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி தரும் அம்மா விளக்கியபோது, மகன் அண்ணாந்து அந்த அறை ஏசியில் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். காதில் விழுந்தது "சூடு, குளிர்" மட்டும். போதாதா? அது அவர் சாம்ராஜ்யம் அல்லவா!

"உடம்பு முப்பத்தேழு டிகிரி. கஞ்சியும் முப்பத்தேழு. உப்பு, புளிப்பு எதுவும் கூடாது. தொண்டைக்கே தெரியாம வழுக்கிட்டுப் போயிடும்."

"தெரியாததுதாங்க வம்பே! உள்ள ஏதோ வந்திருக்குன்னு வாய்க்குத் தெரிஞ்சாதானே முழுங்கும்? ஜில்லுன்னு, கொஞ்சம் புளிப்பா, கெட்டியா குடுங்கன்னு அந்தம்மா தலைதலையா அடிச்சிக்கிட்டாங்க."

"இருபது வருஷமா குளிரோட குடித்தனம் பண்றவன் நான். எனக்கே சொல்லித் தர்றியா?"

"இத்தனை நாளா என்னோட பண்றீங்கன்னு நெனச்சேன்."

நான்கு நாள் தெர்மாமீட்டரும் கையுமாகச் சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடந்தார் மெக்கானிக். உட்கார்ந்தார், எழுந்தார், ஃபேனை அணைத்தார், திரும்பப் போட்டார். அப்பாவின் கன்னம் உப்பியதே தவிர கிண்ணம் காலியாகவில்லை. எடை ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தது. அப்போதும் தப்பு கஞ்சி மேல்தான். தன் மேல் இருக்கலாம் என்று ஒரு நிமிடம்? ம்ஹூம்!

வியாழக்கிழமை மத்தியானம் மனைவி திடீரென்று பணிந்துபோனாள்.

"நீங்க சொல்றதே சரிங்க. மாமாவுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு. நீங்க முழுங்கிக் காட்டினா பார்த்துக் கத்துக்குவாரு."

மெக்கானிக்கின் மார்பு விரிந்தது. "இதுகூடவா தெரியாது? குடு!" அப்பா எதிரே அமர்ந்து நாலு ஸ்பூனை ஒரே மூச்சில் வாயில் சேர்த்தார்.

சூடில்லை, குளிரில்லை, ருசியில்லை. உள்ளே கஞ்சி இருக்கிறதா, தன் நாக்கே தடித்துவிட்டதா என்று புரியவில்லை. தொண்டைக்குத் தள்ளினால் திரும்பி வந்தது. கண் பிதுங்கியது.

மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து, எலுமிச்சை பிழிந்த பழக்கூழை எடுத்து, மாமனாருக்கு அரை ஸ்பூன் வைத்தாள். பெரியவரின் முகம் சுளித்தது. தொண்டை ஏறி இறங்கியது. 'மடக்'.

"இ... ன்னும்" என்றார்.

கிண்ணம் பாதியானது.

"ம்ம்! ம்ம்ம்!" என்று கையை ஆட்டினார் மெக்கானிக்.

"இருங்க, பேசி முடிச்சிடறேன். மாமா தேறிட்டாரு. திங்கக்கிழமைலேருந்து நான் வேலைக்குப் போறேன். காலைலயும் மத்தியானமும் நீங்க ஊட்டுங்க, ராத்திரி நான். பொறுப்பு உங்களுதுன்னு நீங்களே சொன்னீங்க. ஆட்சேபணை இருந்தா இப்பவே வாயைத் திறந்து சொல்லிடுங்க."

ஆட்சேபணை தொண்டை வரைக்கும் வந்தது. கஞ்சிதான் வழிவிடவில்லை.