மழை பெண், குடை ஆண்

நாற்காலி பெண்பால் என்று தெரிந்த நாளிலிருந்து கிளார்க் இருதயத்தால் அதில் சாய்ந்து உட்கார முடியவில்லை. ரயில்வே சரக்கு ஆபீசில் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, வெளியே என்ஜின் புகை மேலே போவதைப் பார்த்தபடி இருந்தான். புகை ஆண். அதைக் காட்டும் ஜன்னல் பெண்.

எல்லாம் பெர்னடெட்டால் வந்த வினை.

வாரம் ஒரு சாயங்காலம் ஏரித் தோட்டத்தில் மணிலாக்காரர்களின் பேண்டு வாசிக்கும். அதில் புதிதாகச் சேர்ந்திருந்த கிளாரினெட்காரர் பெயர் ரொட்ரிகோ. அவர் மகள் பெர்னடெட், கவுனும் லேஸ் முக்காடுமாகப் புல்தரையில் உட்கார்ந்து கேட்பாள். ஒருநாள் இருதயத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். போதாதா? அப்பாவும் மகளும் கொஞ்சம் கறுப்புதான். மணிலாவில் கடல் வெயில் ஜாஸ்தி என்று அவனே காரணம் கண்டுபிடித்துக்கொண்டான்.

"இங்கிலீஷ்ல பொண்ணு கேட்டா லீவு மனு போட்ட மாதிரி இருக்கும் லா," என்றான் பக்கத்து வீட்டு வாலண்டைன். இவன் வயதுக்காரன், மணிலா போகும் கப்பலில் சமையல் வேலை, இப்போது லீவில் வந்திருந்தான். "மணிலாக்காரங்க பாஷை ஸ்பானிஷ், அதுல கேளு. மனுசன் உருகிடுவாரு. நான் சொல்லித் தரேன்."

"வருமாடா எனக்கு?"

"நம்ம தமிழ் மாதிரிதான். 'பேசுறேன்'னா 'நான்'னு தனியாச் சொல்லணுமா? அங்கயும் வார்த்தையோட வாலப் பாத்தாலே ஆளு தெரிஞ்சிரும். ஆப்லோன்னா நான் பேசுறேன், ஆப்லாஸ்னா நீ பேசுற."

"அவ்வளவுதானா?"

"இன்னும் இருக்கு. நாம செய்யறத கடைசியில சொல்லுவோம், அவன் நடுவுலயே சொல்லிருவான். வெள்ளை நிலாங்க மாட்டான், நிலா வெள்ளைம்பான். லா லூனா பிளாங்கா. அங்க சாமானுக்கும் ஆம்பளை பொம்பளை உண்டு, பொம்பளைப் பேருக்கு முன்னால லா."

"நம்ம ஊர்ல லா கடைசியிலதானடா வரும்?"

"அங்க முதல்லயே வந்துரும் லா."

அதற்கப்புறம் பிரிக்ஃபீல்ட்ஸ் வேறு ஊராகிப் போனது. மேசை பெண், ரயில் ஆண், நிலா பெண். மழை பெண், குடை ஆண். சாயங்கால மழை பிடித்துக் குடைகள் விரியும்போதெல்லாம் தெரு முழுக்கக் கல்யாணம் நடப்பது போலிருந்தது. இருதயம் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தான்.

தலைமைக் கிளார்க் கார்த்திகேசுவுக்கு இந்த மழையெல்லாம் தெரியாது.

"ஐசே! ரவாங்குக்குப் போற மண்வெட்டியெல்லாம் கிள்ளானுக்குப் போயிட்டுது! என்ன நினைவிலை இருக்கிறீர்?"

"ரயில் ஆண், சார்," என்றான் இருதயம், கனவு கலையாமல்.

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை உற்றுப் பார்த்தார். "நீர் ஒரு கிழமை வீட்டிலை ஓய்வெடும்."

வீட்டில் ஓய்வா எடுத்தான்? ஸ்பானிஷ்தான் படித்தான். கடைசியில் அது தமிழிலேயே கை வைத்துவிட்டது.

"அம்மா, வேணும் எனக்குக் காப்பி சூடா."

"மாதாவே! புள்ளைக்கு வாக்கெல்லாம் தலைகீழாப் போச்சே!" அம்மா மகதலேனா, அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மறுநாள் அவன் "வந்துச்சா பூனை கறுப்பு?" என்று கேட்டதும் ஒரு முடிவுக்கு வந்தாள். "இது கல்யாணக் கோளாறு. கிள்ளான்ல எங்கண்ணன் மக இருக்கா. ஞாயித்துக்கெழமை போய் வாக்குக் குடுத்துட்டு வந்துர்றேன்."

வாக்குக் கொடுத்தால் அம்மா மாறவே மாட்டாள். சனிக்கிழமைக்குள் ரொட்ரிகோவிடம் சம்மதம் வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் பெர்னடெட் கனவோடு சரி.

சனிக்கிழமை சாயங்காலம் வாலண்டைன் தன் வெள்ளைக் கோட்டையும் தொப்பியையும் மாட்டிவிட்டான். "இப்ப அசல் மணிலாத் தொரை லா நீ!"

ரொட்ரிகோ வீட்டு அடுப்பங்கரையிலிருந்து புளி கரைத்த மீன்குழம்பு மணந்தது. மணிலாவிலும் புளி காய்க்கும் போலிருக்கிறது. அவர் வாசலில் உட்கார்ந்து கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் லேஸ் முக்காடு அசைந்தது.

"புவேனாஸ் தார்தேஸ், செஞ்யோர்!"

மாலை வணக்கத்தைக் கேட்டதும் ரொட்ரிகோவின் முகம் சுண்டியது. உச்சரிப்பு போதவில்லையோ என்று பயந்து, இருதயம் பாடத்திலிருந்து ஒரு நல்ல வாக்கியத்தை எடுத்துவிட்டான். "லா காசா எஸ் பிளாங்கா." வீடு வெள்ளை. வீடு என்னவோ பச்சை. ரொட்ரிகோ திரும்பி ஒருதரம் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

இனித் தாமதிக்கக் கூடாது. ஜன்னலைக் கைகாட்டினான். "கியெரோ ஆ சு இஹா!" உங்கள் மகளை விரும்புகிறேன். 'நான்' ஒழுங்காக வாலில் ஒட்டியிருந்தது. ஒரு பிசகில்லை.

"நோ," என்றார் ரொட்ரிகோ.

ஸ்பானிஷிலும் அது நோதான், இங்கிலீஷிலும் நோதான். தப்பிக்க வழியே இல்லை.

"தெங்கோ திராபாஹோ, செஞ்யோர்!" எனக்கு வேலை இருக்கிறது என்று கெஞ்சினான்.

"நோ, மிஸ்டர். கோ, ப்ளீஸ்." அவன் ஸ்பானிஷ் பேசப் பேச அவர் இறுகிக்கொண்டே போனார். கடைசியில் எழுந்து வந்து படலைத் திறந்து பிடித்தார். ஜன்னலில் பெர்னடெட் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்ததும் இருதயம் படலைத் தாண்டவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். மழை தூற ஆரம்பித்தது. குடை இல்லை.

அப்போது பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கப் பால் ஊற்றும் மாரியாயி, செம்பும் கையுமாகப் படலுக்குள் நுழைந்தாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள், அதற்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள், பிறகு ரொட்ரிகோவைப் பார்த்தாள்.

"ஏண்ணே, 'பேண்டுல உள்ள மணிலாக்காரங்க ஆளாளுக்குப் பொண்ணு கேக்குறாங்க, எனக்குத் தமிழ்ப் பையன்தான் வேணும்'னு, தூத்துக்குடியிலேருந்து வந்து எறங்குன நாளா என் உசுர வாங்குறீங்க, இப்ப நம்ம மகதலேனா அக்கா மவன் தானா வந்து நிக்கிறான், எதுக்குண்ணே தொரத்துறீங்க?"