தொப்பைக்கரடியின் மன்னிப்பு

உலக சமாதான வரலாற்றை யாராவது முறையாக எழுதினால், ஒரு சின்ன வீட்டின் கூடத்தில் எப்போதோ நடந்த இந்தப் பேச்சுவார்த்தையை முதல் பக்கத்தில் போட வேண்டும்.

"அப்பா, அம்மா கோபமா இருக்காங்க. தொப்பைக்கரடி மாதிரி சாரி சொல்லுங்க."

"கரடி எப்படி சொல்லும், கண்ணு?"

"வயித்தைத் தட்டிக்கிட்டே, 'கரடி தப்பு பண்ணிருச்சு, உம் உம்'னு சொல்லும். தினமும் டிவியில வருதே, பாக்கலையா?"

அப்பா வயிற்றைத் தட்டினார். சமையலறையில் அம்மா சிரித்துவிட்டாள். ஒப்பந்தம் அமலுக்கு வந்தது.

சிவபூஜையில் நுழைந்த கரடியைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். சண்டைக்குள் நுழைந்த கரடியை இந்த வீடு கொண்டாடியது. கார்ட்டூன் தொடர் நின்றது. மகளும் வளர்ந்து வேலைக்கு வெளியூர் போனாள். கரடிக்கு மட்டும் ஓய்வில்லை. கல்யாண நாளை மறந்தாரா? உம் உம். மச்சானை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனாரா? உம் உம்.

மன்னிப்பு அவருக்குத் தொழிலும்கூட. பேருந்து நிறுவனத்தின் 'பயணிகள் குறைதீர்ப்புப் பிரிவு'க்கு அவர்தான் தலைவர். பேருந்து வராவிட்டால், 'நிர்வாகம் வருந்துகிறது' என்று பதில் அனுப்புவார். அவர் வருந்தியதாகத் தகவல் இல்லை.

மனைவியின் தொண்டையில் மட்டும் ஒரு மனு நெடுநாளாக நிலுவையில் இருந்தது. குறைதீர்ப்பவரே குறையாக இருந்தால், மனுவை எந்த ஜன்னலில் நீட்டுவது? பழக்கதோஷத்தில் சிரித்து வைத்தாள்.

ஒருநாள் அவள் மருத்துவமனையில் நர்ஸ் வேலை முடிந்து வீடு திரும்பினாள். தையல் மெஷின் இருந்த மூலையில், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு புது டிவி.

"ஏங்க, என் மெஷின் எங்க?"

"எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேன்மா. சும்மாதானே கிடந்துச்சு."

"சும்மாவா? நம்ம பொண்ணுக்குப் பாதி தைச்ச சட்டை அதுலதானே இருந்துச்சு?"

"அதுவும்... கூடவே போயிருக்கும்."

நிலைமையின் தீவிரத்தை அவர் உணர்ந்தார். எழுந்து நின்றார். கை தானாக வயிற்றுக்குப் போனது.

"கரடி தப்பு பண்ணிருச்சு. உம் உம்."

அவள் சிரிக்கவில்லை. கைப்பையைத் தரையில் வைத்தாள்.

"கரடி மேல எனக்கு எந்த வருத்தமும் இல்லைங்க. அது ஒரு தப்பும் பண்ணல. பாவம், இத்தனை வருஷமா உங்களுக்காக அதுதான் மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்கு. ஒரே ஒரு தடவை, நீங்க கேளுங்க."