சித்தப்பாவுக்கு நான் போட்ட 'வாஸ்'

என் சித்தப்பாவை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். ஆங்கிலம் தெரியாமல் செய்த பிழை என்றால் எல்லோரும் மன்னித்திருப்பார்கள். ஆங்கிலம் தேவைக்கு மேல் தெரிந்ததால் வந்த வினை அது.

இலங்கையில் போர் முடிந்த வருடம் நான் ரொறன்ரோவில் பல்கலைக்கழகக் கடைசி ஆண்டில் இருந்தேன். பழைய ஜெர்மானிய மொழிகள் என்றொரு பாடம் எடுத்திருந்தேன். (ஆர்வம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். வகுப்பு பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் தொடங்கும் என்பது உண்மைக் காரணம்.) படித்தவர்கள் ஆறு பேர். பேராசிரியை ஒரேயொரு வினைச்சொல்லில் மூன்று வாரம் நின்றார். 'இரு' என்பதற்கான ஆங்கில வினை. ஆம் (am), இஸ் (is), பி (be), வாஸ் (was) என்று அதன் வடிவங்களைப் பார்த்தால் ஒன்றின் முகச்சாயல் மற்றதில் இருக்காது. ஏனென்றால் அவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. தனித்தனியாக இருந்த மூன்று வினைகள் ஒரே வீட்டுக்குக் குடிவந்து ஒரே பெயரில் குடும்பம் நடத்துகின்றன. ஆமும் இஸ்ஸும் ஒரு வேர். பி இன்னொன்று; வளர், ஆகு என்பது அதன் ஆதிப் பொருள். வாஸ் மூன்றாவது. 'வெசன்' என்ற பழைய வினையின் இறந்தகாலம் அது. வெசன் என்றால் தங்கு, வசி. சமஸ்கிருதம் வழியாக நம்மிடம் வந்த 'வசி'யும் அதே வேர் என்று பேராசிரியை சொன்னபோது நான் என்னை மறந்து கைதட்டிவிட்டேன். மற்ற ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பழைய ஆங்கிலத்தில் அதன் இறந்தகாலம் இப்படி வரும்: நான் வாஸ், நீ வாறெ, அவன் வாஸ், நாங்கள் வாறொன். சித்திரை மாதப் பரீட்சைக்காக இதை மோர்னிங்சைட்டில் எங்கள் அப்பார்ட்மென்ட் அறைக்குள் உரத்துப் பாடமாக்கினேன். குசினிக்குள் இருந்து அம்மா கத்தினார்.

"வாறன் வாறன் எண்டு அரை மணித்தியாலமாச் சொல்லுறாய். சோறு ஆறுது!"

இந்த நிலையில்தான் சித்தி ஒரு படிவத்தோடு என் அறைக்கு வந்தார். சித்தியும் அவர் மகள் தர்ஷியும் மூன்று வருடமாக எங்களோடு இருந்தார்கள். வன்னியில் தபாலதிபராக இருந்த சித்தப்பா, பென்சன் எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்லி அங்கேயே நின்றுவிட்டார். பிறகு வன்னியிலிருந்து வெளியே வரும் பாதை பூட்டுப்பட்டது. தை மாதத்தோடு தொலைபேசியும் நின்றது. காணாமல் போனவர்களைத் தேடித் தரும் ஒரு தொண்டு நிறுவனத்தின் படிவம் அது. ஆளைப் பற்றி விவரிக்கும்படி பாதிப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தார்கள்.

நான் எழுதினேன். அவர் தபாலதிபராக 'வாஸ்'. ஐந்தடி ஆறங்குலம் 'வாஸ்'. நீரிழிவுக்காரர் 'வாஸ்'. அமைதியான மனிதர் 'வாஸ்'.

பதினேழு வயதுத் தர்ஷி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, ஐ திங் உது பிழை. அப்பா இப்பவும் ஃபைவ் சிக்ஸ்தானே?"

"எங்களுக்குத் தெரிஞ்சது தை மாதம் வரைக்கும்தான். தெரியாததை நிகழ்காலத்தில எழுதக்கூடாது."

"பட் இட் சவுண்ட்ஸ் லைக்..." என்று தொடங்கியவள் சித்தியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. வாஸ் என்றால் முடிந்து போனதல்ல, வசித்தது என்று பொருள், ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆட்கள் கேட்டால் தப்பாகவே நினைக்க மாட்டார்கள் என்று கால் மணித்தியாலம் விளக்கினேன். (அந்த நிறுவனத்தில் ஆயிரம் வருடத்துக்கு முந்தியவர்கள் யாரும் வேலை செய்யவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.) தர்ஷி கொட்டாவி விட்டாள். சித்தி என் தலையைத் தடவி, "நீ படிச்சது வீண் போகேல்லைத் தம்பி" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். பரீட்சையில் எனக்கு நல்ல புள்ளி.

வைகாசியில் போர் முடிந்தது. அதற்கு அடுத்த கிழமை ஒரு நாள் நான் நூலகத்திலிருந்து வீட்டுக்கு வந்தால், கதவடியில் தொடங்கிய செருப்புகள் லிஃப்ட் வரைக்கும் கிடந்தன. உள்ளே நாற்பது பேர் இருப்பார்கள். ரெக்ஸ்டேலில் இருந்து ஒரு அன்ரி பெரிய சட்டியில் சோறு கொண்டுவந்திருந்தார். சித்தி சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. தர்ஷி ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினாள். கணவரின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து, தேடலுக்குத் திறந்த கோவையை இனி மூடுகிறோம் என்று எழுதியிருந்தது. அந்த நிறுவனத்துக்கு ஏதோ தகவல் கிடைத்திருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

வெளியே வந்ததும் பரம் அங்கிள் பிடித்துக்கொண்டார். றிச்மண்ட் ஹில்லில் இருப்பவர். எங்கள் ஆட்களின் நன்மை தீமை எல்லாவற்றையும் பொறுப்பெடுத்து நடத்துபவர்.

"தம்பி, நீதானே வீட்டில இங்கிலீஷ்காரன். பேப்பருக்கு மரண அறிவித்தல் ஒண்டு எழுது. வடிவா எழுது."

விவரங்களுக்காகப் படிவத்தின் பிரதியை எடுத்தேன். பக்கத்தில் அந்த அனுதாபக் கடிதம். 'தபாலதிபராக வாஸ், அமைதியான மனிதராக வாஸ்' என்று அதிலும் இருந்தது. என் வசனம், என் வரிசை. மரணத் திகதி இல்லை, இடம் இல்லை, சொன்னவர் யார் என்றும் இல்லை. சித்தப்பா செத்துவிட்டார் என்று அவர்களுக்குச் சொன்னது நான்தான்.

படிவத்தையும் கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினேன். பிறகு வரவேற்பறையின் நடுவில் போய் நின்றேன்.

"சித்தப்பா சாகேல்லை," என்றேன். அழுகை நின்றது. "சாகேல்லை எண்டும் சொல்லேலாது. அது வந்து... வெசன் எண்டொரு வினை..."

செத்தவீட்டில் பழைய ஆங்கில வினைத்திரிபை விளக்கிய முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன். நாற்பது பேரும் அசையாமல் கேட்டார்கள். வகுப்பில்கூட அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை.

பரம் அங்கிள் கடைசியில் கேட்டார். "அப்ப ஆள் இருக்கிறாரோ, இல்லையோ?"

"தெரியாது அங்கிள்."

"உதைச் சொல்லத்தான் நாலு வருசம் படிச்சனீயோ?"

அம்மா தலையில் கை வைத்தார். நான் சித்தியைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சித்தி எழும்பிக் குளியலறைக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நெற்றியில் பொட்டு இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர், அன்ரியின் சட்டியில் இருந்து தானே சோற்றைப் போட்டு, பிசைந்து, இரண்டு வாய் சாப்பிட்டார். அதன் பிறகுதான் என்னிடம் பேசினார்.

"இப்ப எழுது. எங்களுக்கு முன்னால இருந்து எழுது. எல்லாத்துக்கும் இஸ் போடு."

எழுதினேன். நாற்பது பேரும் மேசையைச் சுற்றி நின்று மேற்பார்வை செய்தார்கள். இங்கிலீஷே தெரியாத அன்ரி ஒருவர் தர்ஷியிடம் எந்த எழுத்து என்று கேட்டு, ஒவ்வொரு இஸ்ஸிலும் விரல் வைத்துச் சரிபார்த்தார். நான் எழுதி முடித்ததும் அவர் தன் கைப்பையைத் திறந்து மடித்த படிவம் ஒன்றை வெளியே எடுத்தார். தம்பியாருக்காம். பிறகு இன்னொருவர். அன்று இருட்டுவதற்குள் எட்டுப் படிவம் நிரப்பினேன். எல்லாவற்றிலும் இஸ். அவற்றில் எத்தனை உண்மையாயின என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

எங்களுடையது உண்மையாயிற்று. ஆனியில் ஒரு அகதி முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில், சித்தப்பா இரண்டு நிமிடம் பேசினார். மூன்றாவது வருடம் ரொறன்ரோ வந்து சேர்ந்தார். கதை முழுவதையும் தர்ஷி நடித்தே காட்டினாள். முப்பது வருடம் மற்றவர்களின் கடிதங்களோடு வாழ்ந்த மனிதர், முதல் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டு, ஆறுதலாக வாசித்தார். "கையெழுத்து வடிவாத்தான் இருக்கு" என்றார்.

மற்றவர்கள் அவ்வளவு பெருந்தன்மையானவர்கள் அல்ல. எனக்கு 'வாஸ்' என்று பெயர் வைத்தார்கள். என் கல்யாணத்தில்கூட ஒலிவாங்கியில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அடுத்த தலைமுறைக்கு அது வாசனோ வாசுதேவனோ சுருங்கி வந்த பெயர். போன மாதம் தர்ஷியின் மகள் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் ஒன்று வரைந்து, ஒவ்வொரு இலைக்கும் கீழே ஆங்கிலத்தில் பெயர் எழுதினாளாம். என்னுடையதற்குக் கீழே 'அங்கிள் வாஸ்'. ஆசிரியை அவளைப் பக்கத்தில் இருத்தி, மாமா எப்போது தவறினார் என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

தர்ஷி இதைச் சொல்லி முடித்தபோது வீடே விழுந்து விழுந்து சிரித்தது. சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. பேத்தியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "உமக்கு ஒரு பிழையும் இல்லையம்மா. ரீச்சருக்குத்தான் பழைய இங்கிலீஷ் தெரியாது" என்றார்.