மூலையைக் கேட்கும் பெட்டி

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
சித்திரை மாதம், 1961

லால்குடியில் இருக்கும் பெரிய நாத்தனார் இருதயமேரி அக்கா அவர்களுக்கு, தங்கள் தம்பி பெண்சாதி பாக்கியமேரி சர்வேசுரன் கிருபையை முன்னிட்டு எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் மாடு கன்றுகளும் சௌக்கியமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். உங்கள் சின்னத் தம்பி அருள்நாதன் என்னைவிட நன்றாக இருக்கிறார். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வைகாசியில் உங்கள் பெரிய தம்பி என்னை விட்டுப் போன பிறகு, தனியாகக் கிடக்கிற அண்ணிக்குத் துணையாக இருக்கட்டும் என்று சின்னவரை இங்கே விட்டுப் போனது தாங்கள்தான். தங்கள் நல்ல மனசை நான் குறை சொல்ல மாட்டேன். துணை என்றால் கடைக்குப் போவார், கல்லறைக்கு மெழுகுவத்தி வாங்கி வருவார் என்று நினைத்தேன். அவர் வாங்கி வந்தது தேயிலைப் பெட்டி. ஒன்று இரண்டு இல்லை, கை வண்டி நிறைய. எதுக்கு தம்பி இதுன்னு கேட்டேன். உடைச்சுப் பலகை எடுக்கணும் அண்ணின்னார். பலகை எதுக்குன்னு கேட்டேன். பெட்டி செய்யணும்னார். பெட்டியை உடைச்சுப் பெட்டி செய்ற ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன் அக்கா. இவர் ரெயில்வே ஆபீஸ்ல குமாஸ்தா வேலை பாக்குறார், அந்த ரெயிலும் ஓடத்தான் செய்யுது.

விஷயம் என்னன்னா, ஏதோ அமெரிக்காப் புஸ்தகத்துல படம் பாத்திருக்கார். கல்யாண வீட்டுல தென்னை மரத்துல கட்டுவாங்களே மைக்செட் புனல், அதை வீடு அளவுக்குச் செஞ்சு, மடிச்சு மடிச்சு ஒரு பெட்டிக்குள்ள அடைச்சா, அடிவயித்துச் சத்தமெல்லாம் அப்படியே வருமாம். மூடிப்போன டூரிங் கொட்டகையிலேர்ந்து சோத்துத் தட்டு அகலத்துக்கு ஒரு பழைய ஸ்பீக்கர் கொண்டாந்தார். அதுக்குத்தான் இந்தப் பெட்டி. சத்தம் உள்ள சின்னதாப் புறப்பட்டு, வளைஞ்சு வளைஞ்சு நடந்து, வெளிய வரும்போது பெருசாகிடுமாம். "ஆபீஸ் போறேன்னு புறப்பட்டு மூணு தெரு சுத்தி சாயங்காலம் பெரிய மனுஷனாத் திரும்பி வர்றீங்களே, அது மாதிரியா தம்பி?"ன்னு கேட்டேன். சிரிக்கலை. அண்ணனோட வருஷப் பூசைக்குச் சொந்தக்காரங்க வரும்போது ஆர்கன் வாத்திய இசைத்தட்டு போடப்போறாராம், அண்ணனுக்கு மரியாதையாம். அந்த மனுஷன் படுத்துக் கிடந்தப்ப இவர் ஒரு நாள் வந்து விசிறி எடுத்து வீசினதில்லை. இப்பப் பலகை அறுக்குறார்.

பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின தபசு காலத்துல நடந்தது கேளுங்க. பலகை ஒட்ட வஜ்ரம் காய்ச்சணும்னு என் அடுப்பையே பிடிச்சுக்கிட்டார். தோலும் குளம்பும் போட்டுச் செய்ற பிசின் அது, காய்ச்சினா எப்படி நாறும்னு உங்களுக்குத் தெரியும். காய்ச்சின நாளும் வெள்ளிக்கிழமை. கறி தொடக் கூடாத சுத்தபோசனத்து நாள் பாலக்கரை முழுக்க ஆட்டுக்கால் குழம்பு வாசனை. அடுத்த வீட்டு சகாயம்மாளுக்கு மூக்குதான் முதல்ல விழிக்கும். "புருசன் செத்து வருசம் திரும்பலை, தபசு வெள்ளிக்கிழமையில பாயா கேக்குது அவளுக்கு"ன்னு குழாயடியில சொல்லி முடிச்சுட்டா. சாயங்காலமே கோயில் உபதேசியார் அற்புதசாமி வந்து நிக்கிறார். நேரா அடுப்படிக்குப் போய் மூடியைத் தூக்கினார்.

"என்னம்மா குழம்பு இது?"

"வஜ்ரம்ங்க. பலகை ஒட்ட."

"மாட்டுத் தோல்லதானே செய்றது?"

"ஆமாங்க. யாரும் சாப்பிடலைங்க."

அவர் மூடியைத் திரும்ப வச்சார். பங்குச் சாமியார்கிட்டக் கேட்டுச் சொல்றேன்னு போனார். மறுநாள் வந்து, "ஒட்டலாமாம். பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் அடுப்புல ஏத்த வேண்டாமாம்"னார். உங்க தம்பி பக்தியாத் தலையாட்டினார். சகாயம்மாள் இன்னும் நம்பலை. என்னைப் பாத்தா வாயைப் பாக்குறா.

இதெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன் அக்கா. பெட்டி முடிஞ்சு, பீரோவைப் படுக்க வச்ச கணக்கா நடு வீட்டுல நின்னுச்சு, அதையும் பொறுத்துக்கிட்டேன். பொறுக்காதது இனிமேதான். ஒரு நாள் நூல்கயிறை வச்சுக்கிட்டு வீட்டோட மூலையெல்லாம் அளந்தார். "அண்ணி, பெட்டி பாதிதான். மீதிப் புனல் நம்ம சுவரு. ரெண்டு சுவரும் தரையும் சேர்ற மூலையில வச்சாத்தான் வாய் முழுசாகும்"னார். "அப்ப இந்த வீட்டை நான் வாடகைக்கு எடுத்தது உங்க புனலுக்கு வாய் வைக்கவா?"ன்னு கேட்டேன். அவருக்கு அது காதுல விழலை. எங்க வீட்டுல ஒரு மூலையில தெருக்கதவு, ஒரு மூலையில அடுப்படிக் கதவு, ஒரு மூலையில ஜன்னல். சத்தம் அது வழியா ஓடிப்போயிடுமாம். ரெண்டு பக்கமும் ஓட்டையில்லாத சுவரு இருக்குறது ஒரே மூலை. அது எந்த மூலைன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்க பெரிய தம்பியோட நாடாக் கட்டில் கிடக்குற மூலை.

அந்தக் கட்டிலை யாருக்காவது குடுத்துடு, செத்தவங்க படுத்தது வீட்டுல ஆகாதுன்னு சகாயம்மாளும் சொன்னா, உபதேசியாரும் சொன்னார். நான் குடுக்கலை. அதுல உக்காந்ததும் இல்லை, பக்கத்துல பாயைப் போட்டுப் படுத்துக்கிறேன். படுத்துக்கிறேன்னுதான் சொல்லலாம், தூங்குறேன்னு சொல்ல முடியாது. கட்டில் நகராது தம்பின்னு சொல்லிட்டேன். சரி அண்ணின்னு நல்ல பிள்ளையாத் தலையாட்டினார்.

போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து பாக்குறேன். பெட்டி மூலையில இருக்கு. கட்டில் அடுப்படிச் சுவத்துல நட்டுக்குத்தலா நிக்குது, பள்ளிக்கூடத்துல தப்புப் பண்ணின பிள்ளையை நிக்க வச்ச மாதிரி. கட்டிலை இழுத்துட்டு வந்து, பெட்டி வாய்க்கு நேரே, இடிக்கிற மாதிரி போட்டேன். "இப்பப் போடுங்க உங்க ஆர்கனை. இது இங்கேருந்து ஒரு விரக்கடை நகர்ந்தா நீங்களும் உங்க பெட்டியும் தெருவுல"ன்னு விளக்குமாத்தை எடுத்துக்கிட்டு நின்னேன்.

அவரும் சத்தத்தைக் கூட்டுற வால்வு செட்டைப் போட்டு, இசைத்தட்டை வச்சார். ஆர்கன் வந்துச்சு, கொசு பாடின மாதிரி. அதுக்கு அடியில இன்னொரு சத்தம் வந்துச்சு. உம்ம்ம்னு, நிக்காம, எருமை எழுந்திரிக்க மாட்டேன்னு சொல்ற மாதிரி. பரண்ல இருந்த பித்தளைத் தவலை நடக்குது. உத்தரத்துலேர்ந்து பல்லி ரெண்டு விழுந்துச்சு. மாடியில இருக்குற வீட்டுக்காரர் கியாசுதீன் ராவுத்தர் ஒரு கையில கைலியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கி வந்தார். "ஏம்மா, கீழ ரோடு ரோலர் ஓட்டுறீங்களா? என் மூக்குக்கண்ணாடி மேசையில தானா நடந்து போகுது." உங்க தம்பி சந்தோஷமா, "எந்தப் பக்கமா நடக்குது பாய்?"னு கேட்டு எழுதி வச்சுக்கிட்டார். ராவுத்தர் என்னைப் பாத்து, "ஆம்பிளை போன வீடு, சத்தம் போடக் கூடாதுன்னு இத்தனை நாள் இருந்தேன்"னுட்டு மேல போயிட்டார். அவர் சத்தம் போட்டிருந்தாத் தேவலை.

ஆகையால் அக்கா அவர்கள் வருஷப் பூசைக்குக் காத்திருக்காமல் இந்தக் கடிதம் கண்டவுடன் பஸ் ஏறி வந்து, தங்கள் சின்னத் தம்பியையும் அந்தப் பெட்டியையும் லால்குடிக்குக் கூட்டிப் போக வேண்டியது. வயல்வெளியில் வைத்து உறுமட்டும், பன்றியாவது பயந்து ஓடும். எனக்குத் துணை போதும். எனக்கு அந்த மூலையும் கட்டிலும் இருந்தால் போதும். பிள்ளைகளுக்கு என் முத்தம். தங்கள் வீட்டையும் விளைச்சலையும் தேவமாதா தன் முந்தானையில் மூடிக் காப்பாளாக.

இப்படிக்கு,
பா. பாக்கியமேரி

பின்குறிப்பு: இதை எழுதி மடிச்சு வச்சுட்டேன், தபால் பெட்டியில போடலை. மத்தியானம் சாப்பிட்டதும் உங்க தம்பி உறுமல் எங்கேருந்து வருதுன்னு பாக்குறேன்னு மறுபடி அதைப் போட்டார். இசைத்தட்டு இல்லை, வெறும் உறுமல். கட்டில் கால் தடதடன்னு ஆடுச்சு. ஆடாம இருக்கட்டும்னு சட்டத்துல கையை வச்சு அழுத்தினேன். அக்கா, உங்க பெரிய தம்பி குறட்டை விட்டா கட்டில் அப்படித்தான் அதிரும். நீங்க கூடப் பொறந்தவங்க, உங்களுக்குத் தெரியாம இருக்காது. கடைசி மாசங்கள்ல அவருக்குக் குறட்டை விடக்கூட மூச்சு இல்லை, வெறும் இருமல்தான். கை வலிச்சதுன்னு கட்டில்ல உக்காந்தேன். அப்புறம் சாய்ஞ்சேன். சகாயம்மாள் விளக்கு வைக்கலையான்னு வந்து எழுப்புற வரைக்கும் தூங்கியிருக்கேன்.

எழுந்தா உங்க தம்பி முகமெல்லாம் பல்லா நிக்கிறார். கோளாறைக் கண்டுபிடிச்சுட்டாராம், ஏதோ கண்டன்சராம், அதை மாத்தினா உறுமலே இருக்காதாம். அதுல கையை வச்சா வீட்டை விட்டுத் துரத்துவேன்னு சொல்லியிருக்கேன். ராவுத்தர்கிட்ட நான் பேசிக்கிறேன், அவர் மத்தியானத்துல கடைக்குப் போயிடுறார். நீங்க பூசைக்கு வந்தாப் போதும், முன்னால வர வேண்டாம். வந்தா ஆர்கனைப் போடுன்னு உங்க தம்பியை ஏத்தி விடாதீங்க. அது உறுமும்போது கட்டில்ல கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க.