முன்தண்டு சுமந்த தோளுக்கு நஷ்டஈடு

தொம்மலூர்,
30-8-1954

சுகாதார ஆபீஸ் கிளார்க்கும் என் மனைவி ஜூடித்தின் அண்ணனுமாகிய மச்சான் ஓஸ்வால்ட் அவர்களுக்கு, ரெமிஜியஸ் வணக்கத்துடன் எழுதுவது. மாதாவின் தயவால் இங்கு அனைவரும் சுகம், என் வலது தோள் நீங்கலாக.

போன வாரம் உங்கள் ஆபீஸ் ஆட்கள் எங்கள் தெருவில் மேசை போட்டு, காலரா ஊசி போட்ட சீட்டு இல்லாதவர் மாதா திருநாளுக்கு வரக்கூடாது என்றார்கள். நானும் போய் நின்றேன். புதுக் கம்பவுண்டர் தலைநிமிர்ந்துகூடப் பார்க்காமல், புஜத்தில் போட வேண்டியதைத் தோள் மூட்டில் ஏற்றிவிட்டார். அலறினேன். "சும்மா இரு, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றார். அது எந்த ஊர் எறும்போ, அன்றிலிருந்து கை மேலே எழும்பவில்லை. சட்டையை ஜூடித்தான் மாட்டிவிடுகிறாள். கோயிலில் இடது கையால் சிலுவை போட்டேன், பங்குச் சாமியார் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்பா, வேற சபைக்குப் போறியா?" என்று விசாரித்தார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் மாதா சப்பரத்தின் முன்தண்டைப் பதினோரு வருஷமாகச் சுமப்பவன் நான். நேற்று ஒத்திகை. வழக்கம்போல் மாதா சுரூபச் சிலைக்குப் பதிலாக அரிசி மூட்டையை வைத்துத் தூக்கினோம். நாலு எட்டு வைப்பதற்குள் என் தோள் விட்டுப்போய், சப்பரம் சாய்ந்து, மூட்டை உருண்டு, ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் காலில் விழுந்தது. அவர் வாயிலிருந்து அப்படிப்பட்ட வார்த்தைகளை நான் கேட்டதே இல்லை. உடனே, மூன்று வருஷமாகப் பின்தண்டில் நின்று என் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் ஹெர்பர்ட், "அண்ணே, நீங்க மெழுகுவத்தி புடிச்சிக்கினு வாங்க, நான் முன்னால போறேன்" என்கிறான். எனக்கு மெழுகுவத்தியாம். சோறு இறங்கவில்லை மச்சான், அழுதேவிட்டேன்.

ஆகவே உங்கள் ஆபீஸ் எனக்கு ஐம்பது ரூபாய் நஷ்டஈடும், பிசகு தங்களுடையதே, ரெமிஜியஸின் இடத்தை யாருக்கும் தரக்கூடாது என்று சாமியாருக்கு ஒரு கடிதமும் தர வேண்டும். பெரிய டாக்டரிடம் நீங்களே நேரில் பேசுங்கள்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர். மாதா உங்கள் வீட்டைக் காப்பாளாக.

இப்படிக்கு,
ஒற்றைத் தோளோடு,
ரெமிஜியஸ்

பி.கு.: இதை ஜூடித்துக்குப் படித்துக் காட்டினேன். "எத்தனை ஊசின்னு எழுதினீங்களா?" என்றாள். உங்கள் வீட்டாருக்கு ஊசி என்றாலே உதறல் என்பதால், அன்று துண்டை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு நாலு தடவை வரிசையில் நின்றேன். எனக்கு, மாமாவுக்கு, உங்கள் தம்பிக்கு என்று மூன்றை இடது கையில் வாங்கினேன். அங்கே இடம் போதாமல் வலது தோளில் வாங்கிய நாலாவது உங்கள் பேருக்கு, சீட்டு இல்லாவிட்டால் ஆபீஸில் மெமோ கொடுப்பார்கள் என்று நீங்கள் கெஞ்சிக் கேட்டது. விசாரணை வந்தால் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். எனவே இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். ஆனால் எட்டாம் தேதி திருநாளன்று காலை ஆறு மணிக்கு வந்து முன்தண்டைப் பிடியுங்கள். நீங்கள் என் உயரம்தான், சீட்டும் கையில் இருக்கிறது, தோளும் நன்றாக இருக்கிறது.