வில்லியனூர் ஜவுளிக்கடையில் அடித்த அலை

கடலை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களை எங்கள் ஊர் ஏற்றுக்கொள்வதே இல்லை. குழம்பாகக் கொண்டுவந்தால் சரி. கருவாடாகக் கொண்டுவந்தால் இன்னும் சரி, பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணம் வரும். உயிரோடு கொண்டுவந்து, அதற்கு வெளிச்சமும் அலையும் ஏற்பாடு செய்து, நாலு பேர் பார்க்கிற இடத்தில் வைத்தால் மட்டும் பைத்தியம் என்று பெயர். எண்பதுகளின் நடுவில் அந்தப் பெயரை வில்லியனூர் கடைத்தெரு எனக்குக் கொடுத்தது. கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என் சொந்தக்காரர்கள். இத்தனை வருஷம் கழித்தும் அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: என் கணக்கில் தப்பு இல்லை.

அப்போது நான் விலங்கியல் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். (பட்டம் வாங்கிய பெண் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அதற்கு 'மாப்பிள்ளை பார்க்கிறார்கள்' என்று அர்த்தம். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.) அண்ணன் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். அண்ணிக்குப் பிறந்த ஊர் மண்டபம். அங்கே படகுத் தொழில் செய்துவந்த அவருடைய தம்பி, ஒருமுறை அக்காவைப் பார்க்க வந்தபோது, மூடி போட்ட பிளாஸ்டிக் கேனில் கடல் தண்ணீரை ஊற்றி, அதற்குள் தேங்காய் அளவு ஒரு பவளக் கல்லைப் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். படித்த பெண்ணுக்கு வேறென்ன கொடுப்பது என்று தெரியவில்லையாம்.

முதலில் அது வெறும் பாசி பிடித்த கல்லாகத்தான் இருந்தது. அகலமான பாத்திரத்தில் மாற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாடு முடித்துவந்து பார்த்தால், கல் முழுக்கப் பூத்திருந்தது. சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பும் பச்சையுமாக வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் மெல்லிய விரல்கள்.

"அல்லா! எம்மாம் பூவு!" என்றார் அண்ணி.

"பூ இல்ல அண்ணி. வாய்."

அண்ணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷமே தீர்மானமாகிவிட்டது. இதைக் காப்பாற்றியே தீருவேன்.

படித்ததை எல்லாம் திரட்டிப் பார்த்தேன். பவளத்துக்கு இரண்டு தேவைகள். ஒன்று, வெளிச்சம். அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலில் அந்தப் பாசி சமைப்பதைத்தான் பவளம் சாப்பிடுகிறது. இரண்டாவது, தண்ணீரின் ஓட்டம். பவளத்தால் எழுந்து போக முடியாது. சாப்பாடும் காற்றும் தண்ணீரோடுதான் அதைத் தேடி வரவேண்டும், கழிவும் தண்ணீரோடுதான் போகவேண்டும். குளத்துத் தண்ணீர் போல அசையாமல் நின்றால் தூசி படிந்து அழுகிவிடும். அதற்கு வேண்டியது அலை.

வீட்டில் எங்கே வெளிச்சம்? முற்றத்தில் அண்ணி வடகம் காயவைத்திருந்தார். கடையின் முன்பக்கத்தில்தான் ஆள் உயரக் கண்ணாடி அலமாரி ஒன்று காலியாகக் கிடந்தது. சேலை கட்டி நிறுத்த மெட்ராஸில் ஒரு பொம்மைக்குச் சொல்லிவைத்திருந்தான் அண்ணன். பொம்மை வந்தபாடில்லை.

"பொம்மை வர்ற வரைக்கும் எனக்குக் குடு. கடல பாக்கறதுக்கே சனங்க உள்ள வருவாங்க" என்றேன்.

"வந்து? மீனு இன்னா வெலன்னு கேப்பாங்க."

"உள்ள வந்தவங்கள சேல வாங்க வைக்கறது உன் வேல. அதுகூடத் தெரியாம யாவாரம் பண்றியா?"

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இடம் கிடைத்துவிட்டது.

கண்ணாடித் தொட்டி புதுச்சேரியில் செய்தது. கடல் தண்ணீர் பூரணாங்குப்பத்துக் கரையிலிருந்து, அண்ணன் சரக்கு ஏற்றும் டெம்போவில், கேன் கேனாக வந்தது. (ஒரு வாரம் புதுத் துணியெல்லாம் கடல் வாசனை அடித்தது என்பது அண்ணனின் புகார். காற்றாட வைத்திருந்தால் போயிருக்கும்.) வெளிச்சத்துக்காகத் தொட்டிக்கு மேலே இரண்டு டியூப் லைட், அவற்றுக்கு மேல் கூரை போல மடித்த அலுமினியத் தகடு. கடலுக்குள் இறங்க இறங்கச் சிவப்பு வெளிச்சம் மங்கிப்போய் நீலம்தான் மிஞ்சும் என்று படித்திருந்ததால், ஒரு டியூபுக்கு நீலக் கண்ணாடிப் பேப்பர் சுற்றினேன். அண்ணன் ஓடிவந்தான்.

"இன்னாடி இது? மெரூன் பட்டு கறுப்பா தெரியுது! எவ கல்யாணத்துக்குக் கறுப்பு வாங்குவா?"

"எவளும் டியூப் லைட்டுல பட்டு வாங்க மாட்டா. எல்லாரும் வாசல்ல எடுத்தும்போய் வெயில்லதான் பாக்கறாங்க. நீயே பாரு."

பார்த்தான். உண்மைதான். அதனால்தான் அவனுக்குக் கோபம் இன்னும் அதிகமானது.

அலைக்கு நான் செய்த ஏற்பாட்டை இன்றைக்கும் பெருமையோடுதான் சொல்வேன். கல்யாண வரவேற்புகளில் வாசலில் கலர் தண்ணீர் பீய்ச்சும் அலங்கார ஊற்றுக்குள் ஒரு சின்ன மோட்டார் இருக்கும். அரியாங்குப்பத்தில் பந்தல் போடுகிறவரிடம் அதைக் கேட்டு வாங்கினேன். தொட்டிக்கு மேலே பரணில் ஒரு பிளாஸ்டிக் டிரம். மோட்டார் தொட்டித் தண்ணீரை டிரம்முக்கு ஏற்றும். டிரம்முக்குள் கொண்டை ஊசி போல வளைத்த குழாய், அதன் மறுமுனை வெளியே வந்து தொட்டிக்கு மேல் தொங்கும். வளைவின் உச்சியைத் தண்ணீர் தாண்டும்வரை ஒன்றும் நடக்காது. தாண்டிவிட்டால் டிரம் காலியாகிறவரை நிற்காது. மண்ணெண்ணெய் டின்னிலிருந்து டியூப் போட்டு வாயால் உறிஞ்சி இறக்குகிறோமே, அதே வித்தைதான். இதில் உறிஞ்ச வாய் வேண்டாம். சில நிமிஷத்துக்கு ஒருமுறை 'தொபீர்' என்று தொட்டிக்குள் ஒரு அலை. பவளத்தின் விரல்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, மெல்ல நிமிரும். தொட்டியிலிருந்து போன தண்ணீர்தான் தொட்டிக்குத் திரும்பி வருகிறது. ஒரு சொட்டு வெளியே போக வழியில்லை. குழாயின் வாய் தொட்டியைப் பார்த்திருக்கும்வரை.

சனங்கள் வரத்தான் செய்தார்கள். காட்டேரிக்குப்பத்திலிருந்து கரும்பு வண்டியில் வந்தவர்கள்கூட வண்டியை ஓரம்கட்டிவிட்டு, அலைக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் துண்டாவது வாங்கினார்கள். அண்ணனே ஒருநாள் வாசலில் நின்று, "இருங்க, இப்ப அடிக்கும் பாருங்க" என்று ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் என் காதால் கேட்டேன். பிற்பாடு அவன் அதை மறுத்தான்.

அப்படி இருக்கும்போதுதான் லூர்து அய்யா கடைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர்களை எங்கள் பக்கத்தில் 'சொல்தா' என்போம். அவர் பெரிய சொல்தா. எந்த வெயிலிலும் வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பார். ஒரே மாதத்தில் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். பட்டு முழுவதையும் எங்கள் கடையில் எடுப்பதாகப் பேச்சு. அந்த வியாபாரம் நடந்தால் கடையைப் பெரிதாக்கிவிடலாம் என்று அண்ணன் கனவு கண்டுகொண்டிருந்தான்.

அன்று காலையில்தான், விதி போல, மெட்ராஸிலிருந்து பொம்மை வந்து இறங்கியது.

நான் துணி மாற்றிக்கொள்ள வீட்டுக்குப் போயிருந்த நேரம். அண்ணன் பொம்மைக்கு மாம்பழக் கலர் பட்டு கட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் நெருக்கி நிறுத்திவிட்டான். பொம்மை ஒரு கையைத் தூக்கி யாரையோ கூப்பிடுவது போல நிற்கும். தூக்கிய கை என் குழாயில் இடித்திருக்கிறது. குழாயை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிவிட்டிருக்கிறான். அவனைக் கேட்டால் 'கொஞ்சம்' என்பான். குழாயின் வாய் தொட்டியை விட்டு, பட்டு விரித்துப் போடும் வெள்ளை விரிப்பையும் அதற்கு எதிரே போட்டிருந்த நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் அண்ணியோடு கடைக்குள் நுழைந்தபோது லூர்து அய்யா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. அவரை எல்லாரும் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். விரிப்பில் பட்டுகள் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தன. மதாம் ஒரு மெரூன் சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நான் குழாயைப் பார்த்தேன். டிரம்மைப் பார்த்தேன். உள்ளே 'குளுக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் வளைவைத் தாண்டிவிட்டது.

"அண்ணே, கொழாய்!" என்று கத்தினேன்.

அடுத்த நொடி அலை அடித்தது. தொட்டிக்குள் அடிக்கும்போது மென்மையாகத்தான் இருக்கும். காற்றில் வரும்போது அவ்வளவு மென்மையாக இல்லை. லூர்து அய்யாவின் மார்பில் மோதி, மதாமின் மடியில் விழுந்து, பட்டு அடுக்கின் மேல் பரவியது.

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டபடி எழுந்து நின்றார் லூர்து அய்யா.

அண்ணன் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து மெயின் ஸ்விட்சை இறக்கினான். கடை இருண்டது. தண்ணீர் நிற்கவில்லை.

"கரண்ட ஆஃப் பண்ணிட்டனே! இன்னும் எப்படிடி வருது?"

"ஏத்தறதுக்குத்தான் கரண்டு. எறங்கறதுக்கு வேணாம்!"

ஓடிப்போய்க் குழாயைப் பிடித்துத் திருப்புவதற்குள் டிரம் காலியாகிவிட்டது. தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் பாதிக்கு இறங்கி, பவளம் வெளியே தலைகாட்டி நின்றது. பொத்தான்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு சுருங்கியிருந்தன. வீட்டில் ஒரு கேன் கடல் தண்ணீர்கூட மிச்சமில்லை. பூரணாங்குப்பம் போய்வரும்வரை அது தாங்குமா என்று தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், வேண்டிய தண்ணீர் முழுவதும் அந்த அறைக்குள்தான் இருக்கிறது, ஆள் ஆளாகப் பிரிந்து நிற்கிறது என்பதுதான்.

வாளியை எடுத்தேன். வெள்ளை விரிப்பைச் சுருட்டி வாளிக்குள் புழிந்தேன். நிலைமையைப் புரிந்துகொண்ட அண்ணி, பட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து புழியப் போனார்.

"ஐயோ, பட்ட புழியாதீங்க அண்ணி! சாயம் போயிடும்!"

அண்ணன் முகத்தில் ஒரு கணம் பாசம் தெரிந்தது. இந்த நேரத்திலும் தங்கை சரக்கை நினைக்கிறாளே என்று.

"சாயம் தண்ணில கலந்தா பவளம் செத்துடும்" என்று முடித்தேன். பாசம் போய்விட்டது.

பிறகு லூர்து அய்யாவின் முன்னால் வாளியை வைத்தேன். அவருடைய கோட்டில் மட்டும் எப்படியும் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. வெள்ளைத் துணி, சாயம் இல்லை.

"அய்யா, கோட்டக் கழட்டி இதுல புழிஞ்சி வுடுங்க. சீக்கிரம்."

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஆனால் லூர்து அய்யா வாழ்நாளில் பாதியைப் பட்டாளத்தில் கழித்தவர். யாராவது உறுதியான குரலில் ஒன்றைச் செய்யச் சொன்னால் கை தானாகச் செய்துவிடும் போலிருக்கிறது. கோட்டைக் கழற்றினார். இரண்டாக மடித்தார். முறுக்கி, கடைசிச் சொட்டுவரை வாளியில் புழிந்தார். அப்புறம்தான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது.

"வஸ்தாது பொண்ணு" என்று மதாமிடம் சொன்னார். பாராட்டினாரா திட்டினாரா என்பது குடும்பத்தில் இன்னும் தீராத வழக்கு.

நான் வாளியைத் தொட்டியில் ஊற்றி, பவளம் மூழ்குகிறதா என்று உள்ளே தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் யாரோ, இருட்டில் என்ன தெரியும் என்று மெயினைப் போட்டுவிட்டார்கள். மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் திருப்பிய குழாயை, பொம்மையைச் சேலையோடு காப்பாற்றித் தூக்கப்போன அண்ணனே மறுபடி இடித்துவிட்டான். இதை அவன் ஒப்புக்கொள்வதில்லை. மதாமிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டாவது அலையின் முதல் வீச்சு அவன் முதுகில் விழுந்தது. மிச்சத்தை நான் தொட்டிக்குள் திருப்பிவிட்டேன்.

மதாம் அப்போதுதான் சிரித்தார். சிரித்துவிட்டுக் கணவரைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போய், பட்டு முழுவதையும் அங்கே எடுத்துவிட்டார்.

அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். தொட்டி கடையை விட்டு வெளியேற்றப்பட்டது. "கேட்டுக்க ஜமீலா, மன்னிப்பு கேட்டுட்டா முடிஞ்சிடும்" என்றார் அண்ணி. பட்டு நனைந்ததற்கு வருத்தம் என்று அண்ணனிடம் சொன்னேன். குழாயை நகர்த்தியது யார் என்றும் அதே மூச்சில் கேட்டேன். பேச்சு நின்றது நின்றபடியே இருந்தது.

அதே தொட்டி, அதே டிரம், அதே நீலப் பேப்பரை வீட்டின் பின்தாழ்வாரத்தில் மறுபடி பொருத்தினேன். பவளம் பல நாள் மூடியே கிடந்தது. கறுத்த ஓரங்களைத் தினமும் எண்ணிப் பார்ப்பேன். யாரும் பார்க்காதபோது அழுதும் இருக்கிறேன். ஒரு காலையில் ஒரே ஒரு பொத்தான் திறந்தது. சாயங்காலத்துக்குள் பாதிக் கல் பூத்துவிட்டது. அண்ணன் சாப்பிட வந்தபோது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"இதுக்கா என் யாவாரம் போச்சி?" என்றான். பல வாரம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஆனாலும் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். மேலே 'குளுக்' என்றதும் இரண்டு எட்டுப் பின்னால் குதித்தான்.

பவளம் அதற்குப் பிறகும் இரண்டு கோடையைத் தாண்டியது. மூன்றாவது கோடையின் சூட்டில்தான் போனது. சூட்டால், வெளிச்சத்தாலும் அல்ல, ஓட்டத்தாலும் அல்ல. இதைக் குறித்துக்கொள்ளவும்.

என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வெள்ளைக் கோட்டில் வந்து இறங்கினார். அண்ணன் வாசலிலேயே அவர் காதில், எல்லாருக்கும் கேட்கும்படி, "மாப்ள, கோட்டக் கழட்டி எங்கனா வச்சிடுங்க. எந்தங்கச்சி கண்ணுல பட்டா புழிஞ்சிடுவா" என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு. அவர் ஒன்றும் புரியாமல், எல்லாம் முடிந்ததும் என்னிடம் வந்து கேட்டார். முழுவதையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அலை எவ்ளோ நேரத்துக்கு ஒருக்கா அடிக்கும்?" என்றார்.

"டிரம் அளவப் பொறுத்தது" என்றேன். சரியான இடத்தில்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் மேலாவது தண்ணீர் கொட்டினால் ஒருவரும் துண்டு எடுத்து வருவதில்லை. "ஜமீலாவக் கூப்புடு, வாளி எங்க?" என்றுதான் குரல் வரும். பேரப்பிள்ளைகள்வரை அந்தக் கதையைச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது, நானே லூர்து அய்யாவின் கோட்டை உருவி முறுக்கியதாக ஆகிவிட்டது. அங்கே மட்டும் குறுக்கிட்டுத் திருத்துவேன். நான் வாளியைத்தான் நீட்டினேன். புழிந்தவர் அவர்.