பஸ்ஸுக்கு ஒரு சாட்சி

ஓடிய பஸ் ஓடியதுதான் என்பதற்கு அரசாங்க அத்தாட்சி வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

வில்ஃப்ரெட் ஹாஸ்லம் முப்பது வருஷமாகத் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றிய மாடி பஸ், இங்கிலாந்தின் லங்காஷயரில் அவருடைய ஊர்த் தெருக்களில் ஓடியது என்று நிரூபித்தால் நகராட்சிக் கொட்டகையில் இருக்கலாம். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்குப் போய்விடும். டிப்போப் பதிவேடுகளை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. மிஞ்சிய ஆதாரம், அந்த ஊரில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளை சினிமாப் படமொன்றில் அது நான்கு விநாடி தெரு திரும்பும் காட்சி மட்டுமே.

நகரும் பாரம்பரிய அடையாள உறுதிப்பாட்டுப் பிரிவின் அதிகாரி பெல்லமி வீட்டுக்கே வந்து, அந்தப் படத்தின் வீடியோ கேசட்டைப் பதினொரு முறை பார்த்தருளினார்.

"நம்பர் பிளேட் வேறயா இருக்கே?"

"படக்காரங்க ஒட்டினது சார். மாடியில மூணாவது ஜன்னலப் பாருங்க, சட்டம் கோணல். என் வண்டியிலயும் அதே கோணல்."

"படத்துல கதை நடக்கிறது எந்த வருஷம்?"

"முப்பத்தெட்டு."

"உங்க வண்டி பிறந்தது ஐம்பத்தொண்ணு. பிறக்காத வண்டி எப்படிங்க ஓடும்?"

வில்ஃப்ரெட் காட்சியை மறுபடி ஓட்டினார். டீ கொண்டுவந்த மனைவி ஐரீன் எட்டிப் பார்த்தாள்.

"அதே வண்டிதான். அந்த ஜன்னல்ல உக்காந்திருக்கிறது நான். படத்துல கூட்டமா நடிக்க ஆள் எடுத்தாங்க, போனேன்."

"கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கக் கூடாதா? கோணல் பாதி மறையுது" என்று வில்ஃப்ரெட் ஆதங்கப்பட்டார்.

பெல்லமி பேனாவைத் திறந்தார். "டிக்கெட் இருக்கா மேடம்?"

"நடிக்கிறதுக்கு யாராவது டிக்கெட் எடுப்பாங்களா?"

வியாழக்கிழமை பெல்லமியின் அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. வில்ஃப்ரெடின் 418 எண்ணுள்ள பஸ் இவ்வூரில் ஓடியதே இல்லை என்றது முதலாவது. அதே 418-இல் இவ்வூரில் பயணச்சீட்டின்றிப் பயணித்த திருமதி ஐரீன் ஹாஸ்லம் வன்மையாகக் கண்டிக்கப்படுகிறார் என்றது இரண்டாவது.

வில்ஃப்ரெட் இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே ஓடினார். ஊரை எல்லாம் சந்தேகிக்கும் அலுவலகம் தன் கையெழுத்தைச் சந்தேகிக்குமா? அன்று மாலையே சான்றிதழ் கிடைத்தது.

சனிக்கிழமை பஸ் ஊர்வலம். கண்டனக் கடிதம் கண்ணாடிச் சட்டத்தில் உள்ளே தொங்கியது. ஐரீன் படியில் கால் வைத்தாள். வில்ஃப்ரெட் கம்பியைப் பிடித்து வழிமறித்தார்.

"தப்பா நினைக்காதே ஐரீன். கண்டனம் வாங்கின ஆளை ஏத்தினா சான்றிதழ ரத்து பண்ணிடுவாங்களாம்."

"அப்படியா? படத்துல இருக்கிறது நான் இல்லவே இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு ஏறட்டுமா?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல்முறையாக வில்ஃப்ரெட் மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.